குளிரில் வெளுத்து மரத்துப்போகும் கால்விரல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர் பட்டாலே கால்விரல் வெளுத்துப் போகிறவர்கள், விரல் சிவந்து தடித்து அரிப்பு தாங்காமல் தவிக்கிறவர்கள், வீட்டில் மற்றவர்கள் சாதாரணமாக இருக்கும்போது தனக்கு மட்டும் பாதம் ஏன் இப்படி ஜில்லென்று இருக்கிறது என்று கவலைப்படுகிறவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு ரேனாட் என்ற, குளிரில் விரல் வெளுக்கும் கோளாறு பல வருடங்களாக இருக்கிறது, கனடாவில் வசிக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எனக்குச் சிகிச்சை தரும் டாக்டர்களிடம் கேட்டதும், தேடிப் படித்ததும், என் காலிலேயே பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்தப் பதில்கள். மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

குளிர் பட்டதும் கால்விரல் வெள்ளையாகி உணர்ச்சியே இல்லாமல் போகிறது. இது என்ன?

பெரும்பாலும் ரேனாட். மோரிஸ் ரேனாட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-இல் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. விரல்களுக்கு ரத்தம் கொண்டுபோகும் சின்னத் தமனிகள் குளிரிலோ பதற்றத்திலோ தேவைக்கு மேல் இறுகிக்கொள்கின்றன. ரத்தம் வராததால் விரல் வெளுக்கிறது, அப்புறம் உள்ளே நிற்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்து நீலமாகிறது, குழாய் திறந்து ரத்தம் திரும்பப் பாயும்போது சிவந்து எரிகிறது, குத்துகிறது. மூன்று நிறமும் எல்லாருக்கும் வராது, வெள்ளையும் சிவப்பும் மட்டும் வருகிறவர்கள் உண்டு. கையில்தான் அதிகம் பேசப்படும், ஆனால் காலிலும் நிறையப் பேருக்கு இருக்கிறது, ஷூவுக்குள் இருப்பதால் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். காது மடல், மூக்கு நுனியிலும் வரும். பாலூட்டும் தாய்மார்களுக்கு முலைக்காம்பிலும் வரும், அதைப் பூஞ்சைத் தொற்று என்று நினைத்து மருந்து போட்டுக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

குளிரில் எல்லாருக்கும் கால் ஜில்லிடும்தானே?

ஆமாம். குளிரை உணர்ந்ததும் உடம்பு முதலில் நெஞ்சு, வயிறு, தலை இவற்றின் சூட்டைத்தான் காப்பாற்றும், அதற்காகக் கைகால் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். அது நோய் இல்லை. கால் ஜில்லென்று இருக்கிறது, ஆனால் நிறம் மாறவில்லை, மரத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இருந்தால் எப்போதும் குளிர்ந்தபடியே இருக்கும், நம் பெண்களிடம் இரண்டுமே சகஜம், ஆகவே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ரேனாட்டின் அடையாளம் வேறு: ஒரு விரலில் பாதிவரை வெள்ளை, அதற்கு மேல் சாதாரண நிறம், நடுவில் கோடு போட்டாற்போல் எல்லை தெரியும். வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடும்.

நான் கறுப்பு நிறம். வெள்ளையும் தெரியவில்லை, நீலமும் தெரியவில்லையே?

இதைப் பல தகவல் பக்கங்களில் சொல்வதே இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. படங்களெல்லாம் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் தோலில் விரல் சாம்பல் பூத்தாற்போல், மங்கலாக, அல்லது வழக்கத்தைவிடக் கறுத்துத் தெரியலாம். உள்ளங்காலையும் நகத்தின் அடியையும் பாருங்கள், அங்கே நிறம் தெரியும். பக்கத்து விரலோடு ஒப்பிடுங்கள். நல்ல வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள், டாக்டரிடம் போகும்போது கால் சாதாரணமாகத்தான் இருக்கும், படம்தான் உங்களுக்குச் சாட்சி.

பதற்றத்திலும் வருகிறதே, அது எப்படி?

குழாய்களைச் சுருக்கும் நரம்புகள் குளிருக்கும் பயத்துக்கும் ஒன்றேதான். அந்த நரம்பு நோரட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும், ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசை அதை ஏற்று இறுகும். அந்தச் சுரப்பைப் பிடித்துக்கொள்ளும் ஆல்ஃபா-2சி என்று ஒரு வகை ஏற்பி இருக்கிறது, சாதாரணச் சூட்டில் அது செல்லுக்குள்ளேயே கிடக்கும், தோல் குளிர்ந்ததும் வெளிப்பரப்புக்கு வந்து அதே சுரப்புக்கு இன்னும் பலமாக இறுக வைக்கும். இது எல்லாருக்கும் உள்ள ஏற்பாடுதான், ரேனாட்டில் இது மிகைப்பட்டுப் போகிறது. நேர்முகத் தேர்வுக்கு ஏசி அறையில் காத்திருக்கும்போது விரல் விறைப்பதற்கு இரண்டும் சேர்ந்ததுதான் காரணம். முழுக் குளிர்காலம்கூட வேண்டாம், சூட்டிலிருந்து சட்டென்று குளிருக்கு மாறினாலே போதும். சூப்பர்மார்க்கெட்டில் உறைபொருள் பகுதியைக் கடக்கும்போதே சிலருக்கு ஆரம்பித்துவிடும்.

இது வேறு பெரிய நோயின் அடையாளமா?

பெரும்பாலும் இல்லை. முதல்நிலை ரேனாட் என்பது தனியாக வருவது, பதின்வயதிலோ இருபதுகளிலோ ஆரம்பிக்கும், பெண்களுக்கு அதிகம், இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், புண் வராது. தொந்தரவுதான், ஆபத்து இல்லை.

இரண்டாம் நிலை ரேனாட் அப்படி இல்லை. தோல் இறுகும் ஸ்க்லெரோடெர்மா, லூபஸ், ஷோகிரன் போன்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்களோடு வரும். ஸ்க்லெரோடெர்மாவில் மற்ற எந்த அறிகுறியும் தெரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே விரல் வெளுப்பது ஆரம்பிக்கலாம், அதனால்தான் இதை அலட்சியப்படுத்த வேண்டாம் என்று சொல்கிறேன். முப்பத்தைந்து, நாற்பது வயதுக்குப் பிறகு முதன்முறையாக வருவது, ஒரு பக்கம் மட்டும் மோசமாக இருப்பது, விரல் நுனியில் புண், விரல் தோல் தடித்து மடக்க முடியாமல் போவது, மூட்டுவலி, வாய் கண் வறட்சி, விழுங்கச் சிரமம், மூச்சு வாங்குவது, இவற்றில் ஏதாவது இருந்தால் வாதநோய் நிபுணரை (ருமட்டாலஜிஸ்ட்) பாருங்கள். ருமட்டாலஜிஸ்ட் என்றால் கிழவர்களின் முழங்கால் வலிக்கு என்று நினைத்துப் பலர் போவதில்லை. இந்த நோய்களைப் பார்க்கிறவர் அவர்தான்.

என்ன டெஸ்ட் எடுப்பார்கள்?

ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனை (உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது), கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர். நகத்தின் அடியோரத்தில் உள்ள நுண்குழாய்களை உருப்பெருக்கியில் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது, வலியே இல்லை, முதல்நிலையா இரண்டாம் நிலையா என்று பிரிக்க மிகவும் உதவும். ஏஎன்ஏ பாசிட்டிவ் என்று வந்ததும் இணையத்தில் தேடி இரவெல்லாம் அழ வேண்டாம். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் அது பாசிட்டிவ் வருவதுண்டு, மற்றதோடு சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார்.

விரல் சிவந்து வீங்கி, அரிப்பும் எரிச்சலுமாக இருக்கிறது. வெளுக்கவில்லை. இதுவும் ரேனாட்டா?

அது சில்பிளேன். உறையும் அளவுக்குக் குளிர் தேவையில்லை, ஈரமும் குளிரும் சேர்ந்தால் போதும். லண்டனின் நனைந்த குளிரில் வரும், ஊட்டி, குன்னூர், நுவரெலியாவிலும் வரலாம். குளிர் பட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும், கால்விரலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ தடிப்பு, இரவில் போர்வைக்குள் கால் சூடானதும் அரிப்பு உயிரை எடுக்கும். கறுத்த தோலில் ஊதாவும் பழுப்புமாகத்தான் தெரியும், கொசுக்கடி என்றோ சேற்றுப்புண் என்றோ நினைத்துவிடுவார்கள். மேலும் குளிர் படாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரத்தில் தானாக ஆறும். சொறிய வேண்டாம், தோல் கிழிந்தால் தொற்று வரும். ரேனாட் இருப்பவர்களுக்கு இதுவும் சேர்ந்து வர வாய்ப்பு அதிகம்.

2020-இல் கொரோனா காலத்தில் பிள்ளைகளின் கால்விரலில் இதே போன்ற தடிப்பு வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது ஞாபகம் இருக்கலாம்.

விரல் வெளுத்துவிட்டது, இப்போது உடனே என்ன செய்வது?

முதலில் குளிரிலிருந்து வெளியே வாருங்கள். ஈர சாக்ஸைக் கழற்றிக் காலைத் துடைத்து உலர்ந்த சாக்ஸ் போடுங்கள். விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள், குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம், ஆனால் வெதுவெதுப்பு என்றால் குழந்தையைக் குளிப்பாட்டும் சூடுதான். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, ஆகவே முழங்கையை விட்டுப் பாருங்கள். ஸ்வெட்டர் போடுங்கள், சூடாக ஏதாவது குடியுங்கள். பொதுவாகக் கால் மணி நேரம், இருபது நிமிடத்தில் நிறம் திரும்பிவிடும். திரும்பும்போது குத்தும் வலி வரும், அது ரத்தம் ஓடத் தொடங்கியதன் வலி, பயப்பட வேண்டாம்.

அடுப்புப் பக்கத்தில், ஹீட்டர் முன்னால், காரின் சூடான காற்று வரும் துவாரத்தில் காலை நேராக வைக்காதீர்கள். சட்டென்று சூடாக்குவதுதான் சில்பிளேனைக் கிளப்பிவிடும்.

மைனஸ் இருபதில் வெளியே நின்று விரல் மெழுகு மாதிரி கெட்டியாகிவிட்டதென்றால் அது ரேனாட் இல்லை, பனிக்கடி. தேய்க்கவே கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது பழைய மூடநம்பிக்கை. மறுபடி உறைய வாய்ப்பு இருக்கும் இடத்தில் சூடாக்கவும் கூடாது, பாதி இளகி மறுபடி உறைந்தால் சேதம் பல மடங்கு. நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைத்து இளக்குவார்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. கால் ஐஸாக இருக்கிறது என்று வெந்நீர்ப்பை கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அவர் காலைத் தொட்டுப் பாருங்கள். பல நேரம் தொட்டால் வெதுவெதுப்பாகவே இருக்கும், அவருக்கு மட்டும் ஐஸாகத் தெரியும். நரம்பு கெட்டுப்போனதால் வரும் பொய்க் குளிர் அது. அதே நரம்புதான் சூட்டையும் சொல்ல வேண்டும், அது சொல்லாது. வெந்நீர்ப்பை, மின்சார ஒத்தடப்பை, ஹீட்டர், தவிட்டு ஒத்தடம், எதிலும் தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அதுவும் வேறு யாராவது பார்த்துச் சொன்னால்தான். சர்க்கரை உள்ளவரின் பாதத்தில் அப்படி வரும் சின்னத் தீப்புண் ஆறாமல் விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடலாம். அவருக்குக் கொடுக்க வேண்டியது தளர்வான கம்பளி சாக்ஸ், வீட்டுக்குள்ளும் போட ஒரு செருப்பு, காலுக்கு மேல் ஒரு போர்வை. தினமும் ஒருமுறை விரல் இடுக்கு வரை யாராவது பார்த்துவிடுங்கள், அவரால் குனிந்து பார்க்க முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் பாத உணர்ச்சிச் சோதனை செய்யச் சொல்லுங்கள், மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள், இரண்டு நிமிடம்கூட ஆகாது. சர்க்கரைக்கு நீண்ட நாள் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், சுத்த சைவக்காரர்களுக்கும் வைட்டமின் பி12 குறைந்து இதே போல் மரத்துப்போகும், அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு கால் மட்டும்தான் குளிர்ந்திருக்கிறது. நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது.

அப்படியென்றால் ரேனாட்டை மறந்துவிடுங்கள். பெரிய தமனியில் கொழுப்பு படிந்து அடைப்பு இருக்கலாம். குளிர் அதைக் கிளப்பிக் காட்டுகிறது, காரணம் குளிர் இல்லை. காலில் முடி உதிர்வது, தோல் பளபளத்து மெலிவது, இரவில் வலி வந்து காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறைவது, எல்லாம் இதன் அடையாளம். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், ஏபிஐ என்று பெயர், கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்த எண் அது. 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு. சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய் கல்லாகிப் போய் 1.4-க்கு மேலே காட்டலாம், அதுவும் நல்லதில்லை, அப்போது கால்விரலில் அழுத்தம் எடுப்பார்கள். காலில் அடைப்பு இருப்பவருக்கு இதயத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் இதைக் காலோடு மட்டும் நிறுத்தாமல் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: கால் வீக்கத்துக்கு என்று கடையில் விற்கும் இறுக்கமான காலுறைகளை இந்தச் சோதனை செய்யாமல் போடாதீர்கள். வருகிற கொஞ்ச ரத்தத்தையும் அது நெரித்துவிடும்.

பீடி, சிகரெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, ரொம்பவே. நிகோடின் ஒரே ஒரு சிகரெட்டிலும் விரல் குழாய்களைச் சுருக்கும். பியூர்கர் நோய் என்று ஒன்று இருக்கிறது, 1908-இல் லியோ பியூர்கர் என்ற மருத்துவர் விரிவாக எழுதியது. புகையிலை பிடிக்கும் இளவயது ஆண்களுக்கு, நாற்பத்தைந்து ஐம்பது வயதுக்குள், கால் கை விரல் தமனிகள் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைபடும். பாதம் குளிர்வது, உள்ளங்கால் வலி, அப்புறம் ஆறாத புண், அப்புறம் விரல் கறுப்பது. நம் ஊர்ப் பக்கம் பீடி பிடிப்பவர்களிடம் இது அதிகம் பார்க்கப்படும் நோய். புகையிலையை அடியோடு விட்டால் நோய் நின்றுவிடும், ஒன்றிரண்டு மட்டும் என்று குறைத்தால் நிற்காது. எத்தனை ஆபரேஷன் செய்தாலும் பீடி தொடர்ந்தால் அடுத்த விரல் போகும். வாயில் அடக்கும் புகையிலையும் இதில் சேர்த்திதான்.

சாக்ஸ், ஷூ எப்படி இருக்க வேண்டும்?

கம்பளி சாக்ஸ், முடிந்தால் மெரினோ. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும், ஈரம் சூட்டை இழுத்துவிடும், அதனால் குளிர்காலத்துக்குப் பருத்தி வேண்டாம். இரண்டு சாக்ஸ் போட்டு ஷூவை இறுக்கிக் கட்டுகிறவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள், விரல் அசைய இடமில்லை என்றால் எத்தனை சாக்ஸ் போட்டும் பயனில்லை. குளிர்கால ஷூவை அரை அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே கம்பளி அடித்தகடு ஒன்று போடுங்கள், தரையிலிருந்து ஏறும் குளிர்தான் பாதி. பையில் ஒரு மாற்று சாக்ஸ் எப்போதும் இருக்கட்டும். உடைத்தால் சூடாகும் சின்னப் பொட்டலங்களைச் சாக்ஸுக்கு வெளியே வைக்கலாம், தோலில் நேராக ஒட்டக் கூடாது, உணர்ச்சி குறைந்த காலுக்கு அவை கூடவே கூடாது.

காலை நன்றாக மூடியும் விரல் விறைக்கிறதே?

வயிற்றையும் கழுத்தையும் தலையையும் மூடினீர்களா? இதைத்தான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் கால் குழாய் இறுகியே தீரும், காலுக்கு எவ்வளவு சாக்ஸ் போட்டாலும் உள்ளே ரத்தம் வராவிட்டால் சாக்ஸ் எதைக் காப்பாற்றும்? உள்பனியன், ஸ்வெட்டர், தொப்பி, மஃப்ளர் போட்டுச் சூடாக இருந்தால் பாதத்துக்கு ரத்தம் தானாக வரும். அதுவும் வெளியே போவதற்கு முன்பே, வீட்டுக்குள் இருக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும், பேருந்து நிறுத்தத்தில் விரல் வெளுத்த பிறகு ஜிப்பை ஏற்றுவதில் பாதிப் பலன்தான். பேருந்துக்கு நிற்கும்போது நடந்துகொண்டே இருங்கள். சாப்பிடாமல் வெளியே போகாதீர்கள்.

மாத்திரை இருக்கிறதா?

இருக்கிறது. மேலே சொன்னவை போதாதபோது நிஃபெடிபின் அல்லது அம்லோடிபின் கொடுப்பார்கள், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அதே மாத்திரைகள், குழாய்த் தசையைத் தளர்த்தும். தாக்குதல் குறையும், முழுதாக நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தலைவலி, முகம் சிவந்து சுடுவது, கணுக்கால் வீக்கம், எழுந்தால் தலைசுற்றல் இருக்கலாம். குளிர்மாதங்களில் மட்டும் சாப்பிடுகிறவர்கள் உண்டு. நிஃபெடிபினோடு கிரேப்ஃப்ரூட் சாறு (திராட்சை இல்லை, பம்பளிமாஸ் மாதிரியான பழம்) குடிக்கக் கூடாது. புண் வரும் அளவுக்குப் போனால் சில்டெனாஃபில், ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக ஏற்றும் ஐலோப்ராஸ்ட் மருந்து என்று இருக்கின்றன. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது, அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். கர்ப்பமாக இருந்தால் அல்லது திட்டமிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான் சாப்பிடும் வேறு மாத்திரையால் வருமா?

வரலாம். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர், ஒற்றைத் தலைவலிக்கான எர்காட்டமின், மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை, ஏடிஎச்டி என்ற கவனக்குறைவுக் கோளாறுக்குக் கொடுக்கும் ஊக்க மருந்துகள், சில புற்றுநோய் மருந்துகள். நீங்களாக நிறுத்தாதீர்கள், பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. டாக்டரிடம் மாற்று கேளுங்கள்.

இஞ்சி, பூண்டு, தைலம்?

இஞ்சி டீ சூடாக இருப்பதால் நல்லது, குடியுங்கள். ரேனாட்டைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தைலம் தோலில் சூடு மாதிரி உணர்ச்சி தரும், விரலுக்குப் போகும் குழாயை அது திறந்துவிடாது. உடைந்த தோலிலும் சில்பிளேனிலும் தேய்க்கவே வேண்டாம். காபி சிலருக்குக் கிளப்பிவிடுகிறது, சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை, ஒரு வாரம் விட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

மார்கழியில் வெறுங்காலோடு கோலம் போடுவது, கோயிலுக்குப் போவது?

ஈரத்தரையில் விடியற்காலையில் அரை மணி நேரம் நிற்பது ரேனாட் காலுக்குக் கஷ்டம். கோலத்தைச் செருப்புப் போட்டுக்கொண்டு போடலாம், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். கோயிலில் சாக்ஸ் அனுமதிக்கும் இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள், வெளிநாட்டுக் கோயில்களில் பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கல்தரை குளிரும் நேரத்தைத் தவிர்த்து மாலையில் போகலாம். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு மலையேறுவதாக வேண்டிக்கொள்ளும் முன் தயவுசெய்து டாக்டரிடம் பேசுங்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரி?

ஒரு கால் திடீரென்று வெளுத்து, ஜில்லிட்டு, கடுமையாக வலித்து, அசைக்க முடியாமல் போனால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள், அடைத்த தமனியைச் சில மணி நேரத்துக்குள் திறக்காவிட்டால் கால் போய்விடும். சூடாக்கியும் பல மணி நேரம் நிறம் திரும்பாத விரல், கறுக்கும் விரல் நுனி, சீழ், காய்ச்சலோடு கால் சிவப்பது, இவற்றுக்கும் அன்றைக்கே போக வேண்டும்.

வெயில் ஊருக்குத் திரும்பிவிட்டால் குணமாகிவிடுமா?

தாக்குதல் வெகுவாகக் குறையும், குணம் என்று சொல்ல முடியாது. சென்னையில் மே மாதத்திலும் பதினெட்டு டிகிரி ஏசியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் வரும், மேசைக்கு அடியில் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், ஏசிக் காற்று நேராகக் காலில் விழாத இருக்கைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். முதல்நிலை ரேனாட் பலருக்கு வயது ஏற ஏறத் தானாகவே தணிகிறது. இரண்டாம் நிலை என்றால் எந்த ஊருக்குப் போனாலும் அதற்குக் காரணமான நோய்க்கான சிகிச்சையும் பரிசோதனைகளும் தொடர வேண்டும், ஊர் மாறும்போது பழைய ரிப்போர்ட்டுகளை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.